பூண்டு உரிப்பதும் பாடம்தான்

வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகள், படிப்பில் தடுமாறும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. போன மாதம் "பிள்ளைகளிடம் பூண்டு உரிக்கக் கொடுங்கள்" என்று எழுதினேன். வந்த தபாலில் இன்னும் பூண்டு வாசனை போகவில்லை. பெரும்பாலான கடிதங்களின் கடைசி வரி ஒன்றேதான்: "டீச்சர், தயவுசெய்து பேர் போடாதீங்க." போடவில்லை. ஊர் மட்டும்.

கே: ஆண் பிள்ளையை அடுப்படியில் உட்கார வைத்துப் பூண்டு உரிக்கச் சொல்வது நியாயமா? எங்கள் பரம்பரையில் இல்லாத வழக்கம் இது.
— ஒரு தாத்தா, மன்னார்குடி

ப: உங்கள் பரம்பரையில் பூண்டு ரசம் சாப்பிடாத ஆண் யாராவது உண்டா தாத்தா? கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர்களும் மீசை வைத்தவர்கள்தானே!

பேரன் பூண்டு உரிப்பதை ஒரு நாள் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். இடது கை பல்லை உருளாமல் பிடித்துக்கொள்ளும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலின் நுனியைத் தேடும். நகம் உள்ளே போகும். அழுத்தம் கூடினால் பல் நசுங்கும், குறைந்தால் தோல் வராது. இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை, கண் அதைவிட்டு நகரக் கூடாது. பென்சில் பிடிக்க வேண்டியதும் இதே விரல்கள்தான். ஒரே வித்தியாசம், பென்சிலில் தப்பு உண்டு, சிவப்பு மை உண்டு. பூண்டில் உரித்தால் உரிந்தது. அன்றைக்கு ரசத்தில் அவன் பங்கும் மிதக்கும்.

கே: பையனுக்கு ரெண்டரை வயசு. இன்னும் பேச்சு வரலை. "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான், இப்ப வாயை மூட முடியுதா பாரு" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
— ஓர் அம்மா, கும்பகோணம்

ப: சாட்சி பலமானதுதான். ஆனால் அப்பாவின் கதை பிள்ளைக்கு மருந்துச்சீட்டு ஆகாது. ரெண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல்லாவது சேர்ந்து வர வேண்டும். பேச்சுக்கு முன்னால் வர வேண்டியவை இன்னும் முக்கியம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? மேலே விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறானா? இல்லை என்றால் இந்த வாரமே கிளம்புங்கள்.

முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சு வரவில்லை என்றதும் எல்லோரும் வாயைத்தான் பார்க்கிறோம். பேச்சு உள்ளே போகிற வழி காது. அரசுப் பெரிய ஆஸ்பத்திரியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். போய்வந்த பிறகு பையன் தானாகவே பேசிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் பஸ் டிக்கெட். டவுன் பஸ் என்றால் அதுவும் இல்லை. போகாமல் இருந்து, பையனும் பேசாமல் இருந்தால் நஷ்டம் ஒரு வருஷம். அது எந்த பஸ்ஸிலும் திரும்பி வராது.

கே: செல்போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் வருகிறதாமே?
— ஒரு சித்தப்பா, திருப்பூர்

ப: லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியது 1943-இல். அப்போது ஊருக்கு ஒரு டெலிபோன் இருந்தாலே பெரிது. போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பிள்ளை பேசவும் விளையாடவும் வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். போனைப் பிடுங்கினால், அந்த இடத்தில் ஓர் ஆள் வந்து உட்கார வேண்டும். அந்த ஆளின் கையிலும் போன் இருக்கக் கூடாது.

கே: தடுப்பூசியால்?
— அதே சித்தப்பா

ப: விட மாட்டீர்கள் போலிருக்கிறது! 1998-இல் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு கட்டுரை அப்படிக் கிளப்பிவிட்டது. அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் அதே வருஷம் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. ஊசியைப் போடுங்கள். போடாவிட்டால் அம்மை வரும், ஆட்டிசம் போகாது.

கே: நான் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தானோ என்று தோன்றுகிறது.
— ஓசூர்

ப: உங்கள் மேல் மட்டும் விழுந்த பழி இல்லை இது. அமெரிக்காவில் பெரிய பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் "அம்மா ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ந்துபோய் இருந்ததால்தான் ஆட்டிசம்" என்று சொல்லி, ஆயிரக்கணக்கான தாய்மாரை அழவிட்டார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் ஒரு புத்தகம் எழுதி அந்தக் கதையை உடைத்தார். வளர்ப்பில் வந்ததல்ல, நரம்பு வளர்ச்சியில் வந்தது என்று காட்டினார். அவர் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. பிள்ளையைப் பார்த்ததும் அவர் மனைவியை முறைக்கவில்லை, நூலகத்துக்குப் போனார். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பதிலை மட்டும் கத்தரித்துக் கொடுங்கள்.

கே: வெளியூரில் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறேன். அப்பாவாக நான் என்ன செய்ய முடியும்?
— ராணிப்பேட்டை

ப: அந்த ஒரு நாள் பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு லீவு கொடுங்கள். "உதவி பண்ணட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றுவது லீவில் சேராது.

கே: பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார். ரெண்டு மொழி பேசினால் குழம்புமாம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.
— வேலூர்

ப: வராத மொழியில் கொஞ்ச முடியாது. கொஞ்ச முடியாத மொழியில் குழந்தைக்குப் பேச்சு வராது. வீட்டில் இரண்டு மொழி புழங்குவதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. தமிழிலேயே பேசுங்கள். பேசுகிற விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாகத் திருப்பிக் கொடுங்கள். அவன் "பால்" என்றால் நீங்கள் "சூடு பால்". அவன் "சூடு பால்" என்றால் நீங்கள் "சூடு பால் வேணும்". எப்போதும் ஒரு படி மேலே, ஒரே ஒரு படி. எதையாவது கேட்டால், மனசுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்கிற வேலையை டிவி விவாதம் நடத்துகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கே: படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் சோம்பேறியாகி, பிறகு பேசவே மாட்டானாமே?
— திண்டுக்கல்

ப: தவழ்ந்த பிள்ளை சோம்பேறியாகி நடக்காமலே போய்விட்டதா? படம் காட்டுவது பேச்சைத் தடுக்காது. "வேணும்" என்பதைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததும் பாதி அழுகை நிற்கும், அழுகை நின்ற இடத்தில்தான் பேச்சு நுழையும். கடையில் விற்கும் ஆப்பிள், இக்ளூ அட்டையெல்லாம் வேண்டாம். அவன் குடிக்கிற டம்ளர், உங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவு, பாட்டி இவற்றைப் போட்டோ எடுத்து அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டுங்கள். இக்ளூவைக் கேட்டு நம் ஊரில் எந்தப் பிள்ளையும் அழுததில்லை.

கே: மகள் நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிறாள். எழுதச் சொன்னால் "கொடு" என்பது "கெடு" ஆகிறது, "பள்ளி" "பல்லி" ஆகிறது. தினமும் இருபது தடவை எழுத வைக்கிறோம். சரியாகவில்லை.
— விருதுநகர்

ப: "பள்ளி" "பல்லி" ஆகிற பிள்ளைக்குப் பள்ளியைக் கண்டால் பல்லியைக் கண்ட மாதிரிதான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான். "மழை"யை "மளை" என்று எழுதிய ஒரு பையனை ஐம்பது தடவை எழுதச் சொன்னேன். முதல் மூன்று சரியாக இருந்தது. நாலாவதில் "மளை". அதற்குப் பிறகு அவன் தனக்கு மேலே இருந்த வரியைப் பார்த்து எழுதினான், ஐம்பது வரை "மளை". நான் கடைசி வரை பார்க்காமல் 'குட்' போட்டு அனுப்பினேன். ஒரு தப்பை நாற்பத்தேழு தடவை பழக்கி, அதற்குப் பாராட்டும் கொடுத்த டீச்சர் நான்.

உங்கள் மகள் தடுமாறுகிற இடத்தைப் பாருங்கள். "கொ" என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், அப்புறம்தான் ஒ. எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஓசையில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் வந்து நிற்கிறது. ஒரே உயிரொலி எழுத்துக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் தெரியவில்லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து "லை", "னை" எல்லாம் உருவம் மாறியபோது எத்தனை நாள் கை பழசையே எழுதியது என்று வீட்டில் தாத்தாவைக் கேளுங்கள். அவரை யாரும் மக்கு என்று சொல்லவில்லை.

இப்போது வழி. ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்புங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஜோடி, உதாரணமாக ல, ள. வாயால் ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதட்டும். நாக்கு எங்கே படுகிறது என்று கண்ணாடியில் பார்க்கட்டும். கண், காது, வாய், விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காக ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் அமெரிக்காவில் 1930-களில் வகுத்த முறையின் சாரமும் இதுதான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும் இதுதான். சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோய், அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார், 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பேர். நாம் மணலை விட்டுவிட்டு இம்போசிஷனைப் பிடித்துக்கொண்டோம்.

பத்து நிமிஷம் போதும். பத்தாவது நிமிஷத்தில் அவளே "இன்னும் கொஞ்சம்" என்றாலும் ரவையை எடுத்து வைத்துவிடுங்கள். நாளைக்கும் வருவாள். பாடப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் வாயால் பதில் சொல்லட்டும். எழுத்து மெதுவாக வருகிறது என்பதற்காக அறிவைப் பட்டினி போடக் கூடாது.

கே: ஐன்ஸ்டீனுக்கே டிஸ்லெக்சியா இருந்ததாமே?
— ஈரோடு

ப: இறந்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் மருத்துவர்கள் வாட்ஸ்அப்பில் நிறைய. ஐன்ஸ்டீன் சின்ன வயதிலேயே கணக்கில் கெட்டிக்காரர். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பிள்ளையைத் தைரியப்படுத்த ஐன்ஸ்டீன் தேவையில்லை. சின்ன வயதில் வாசிக்கத் திணறி இப்போது நன்றாகப் பிழைக்கிற மாமா ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார், விசாரியுங்கள்.

கே: 'தாரே ஜமீன் பர்' பார்த்ததிலிருந்து மகனுக்குக் கலர் பென்சிலாக வாங்கிக் குவிக்கிறேன். திறமை எப்போது வெளியே வரும்?
— நாகர்கோவில்

ப: 2007-இல் வந்த அந்தப் படம் டிஸ்லெக்சியா என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது, நல்லது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. எழுத வராத பிள்ளைக்குள் ஓர் ஓவியன் ஒளிந்திருந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். குறை ஒன்று கொடுத்தால் நஷ்டஈடாகத் திறமை ஒன்று கொடுக்க வேண்டும் என்று கடவுளுக்குச் சட்டம் எதுவும் இல்லை. சாதாரணப் பிள்ளையாக இருக்கவும் உங்கள் மகனுக்கு உரிமை உண்டு. கலர் பென்சில் அவனுக்குப் பிடித்தால் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் தங்கச்சிக்குக் கொடுங்கள்.

கே: எட்டு வயசுப் பையன், ஏடிஹெச்டி என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப்பாடம் மூணு மணி நேர யுத்தம். கடைசியில் அவனும் அழுகிறான், நானும் அழுகிறேன்.
— சேலம்

ப: யுத்தத்தைப் பத்துப் பத்து நிமிஷமாக வெட்டுங்கள். கணக்குத் தாளை மடித்து ஒரே ஒரு கணக்கு மட்டும் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். பத்து நிமிஷம் முடிந்ததும் உடம்பு அசைகிற வேலை கொடுங்கள்: மாடியிலிருந்து துணி எடுத்து வருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மறுபடி பத்து நிமிஷம். நின்றுகொண்டு எழுதினால் நிற்கட்டும். விடை எழுதுவது கைதான், உட்காருகிற இடம் இல்லை.

சொல்வதையும் வெட்டுங்கள். "சட்டையை மாத்திட்டு, கை கால் கழுவிட்டு, பையை எடுத்து வெச்சிட்டு, டைரியைக் கொண்டா" என்றால், ரெண்டாவது கட்டளையிலேயே பையன் தெருவுக்குப் போயிருப்பான். ஒரு தடவைக்கு ஒரு வேலை. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவர் கொடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்த வேண்டாம்.

கே: "அடியாத மாடு படியாது" என்கிறார்களே?
— ஒருவர், ஆத்தூர்

ப: அந்தப் பழமொழியை மாடு எழுதவில்லை.

கே: ஆட்டிசம் உள்ள ஆறு வயசுப் பையன். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுகிறான். சொந்தக்காரர்கள் பார்க்கிற பார்வை தாங்கவில்லை. விசேஷங்களுக்கே போவதில்லை.
— காரைக்குடி

ப: தவில் சத்தம் உங்களுக்கு மங்கலம், அவனுக்கு அடி. அவன் அடம் பிடிக்கவில்லை, அவனுக்கு வலிக்கிறது. ஒரு வாரம் முன்பே நாதஸ்வரம், தவில் பதிவை மிகக் குறைந்த சத்தத்தில் வீட்டில் ஓடவிட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். மண்டபம், மாலை, சாப்பாட்டு இலை, திரும்பி வரும் ஆட்டோ என்று நாலு படத்தை வரிசையாகக் காட்டி, "முதல்ல இது, அப்புறம் இது, கடைசியில் வீடு" என்று தினமும் கதை சொல்லுங்கள். கூட்டம் சேரும் முன்பே போய், வாசல் பக்கம் உட்காருங்கள். காதை மூடும் ஹெட்போன் எடுத்துப் போங்கள். முகூர்த்த நேரத்தில் வெளியே கூட்டி வந்துவிடுங்கள். தாலி கட்டுவதைப் பார்க்க முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவனைப் பார்க்க நீங்கள் ஒருவர்தான்.

முறைக்கிறவர்களிடம் "சத்தம் அவனுக்கு வலிக்கும்" என்ற ஒரே வரி போதும். வீட்டில் மிக்சிக்கு அலறுகிறானா? "மிக்சி போடலாமா?" என்று கேட்டு, சுவிட்சை அவனையே தட்டச் சொல்லுங்கள். தானே ஆரம்பித்த சத்தம் அவ்வளவாகப் பயமுறுத்தாது.

கே: இட்லி, தயிர்சாதம், இடியாப்பம். வெள்ளையாக இல்லாத எதையும் தொட மாட்டேன் என்கிறாள். இட்லி மாவில் பீட்ரூட் கலந்து பார்க்கலாமா?
— திருச்சி

ப: மாட்டிக்கொண்டால் பட்டியலிலிருந்து இட்லியும் போகும். ஏமாற்ற வேண்டாம். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் கேரட் ஒரு துணுக்கு, அவ்வளவுதான். சாப்பிடச் சொல்லாதீர்கள். முதல் வாரம் தட்டில் அது இருப்பதைப் பொறுத்துக்கொண்டாலே வெற்றி. பிறகு தொடட்டும், மோந்து பார்க்கட்டும், நாக்கு நுனியில் வைக்கட்டும். எடை குறைந்தாலோ, இருக்கிற பட்டியலும் சுருங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: ஒன்பது வயசாகியும் சட்டைப் பட்டன் போடத் தெரியவில்லை. வேன் வந்துவிடும் என்று நாங்களே போட்டுவிடுகிறோம்.
— தஞ்சாவூர்

ப: வேன் ஹாரன் அடிக்கும்போது யாரும் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கே செருப்பு மாறிப்போகும். சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாப் பட்டனையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனை ஓட்டையில் பாதி நுழைத்து வையுங்கள். இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்ததும் "சட்டை போட்டாச்சு!" அது பழகியதும் கடைசிப் பட்டன் முழுவதும் அவனுடையது. பிறகு கடைசி இரண்டு. முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதி வழியில் தோற்பான். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் தினமும் வேலையை முடிப்பவன் அவன்தான். பேன்ட், சாக்ஸ், படுக்கை மடிப்பது எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு.

கே: வீட்டிலேயே ஓர் அறையைத் தெரபி ரூமாக மாற்றலாமா? என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?
— கோயம்புத்தூர்

ப: ஒன்றும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு வீடு என்று பேர். கீரை ஆய்ந்தால் விரல் நுனிக்குப் பயிற்சி. துணி பிழிந்தால் மணிக்கட்டுக்குப் பலம். தண்ணீர்க் குடம் தூக்கினால் துறுதுறுப்பு கொஞ்சம் அடங்கும். பல்லாங்குழியின் பதினாலு குழியில் எண்ணுவது, பகிர்வது, தன் முறைக்குக் காத்திருப்பது மூன்றும் உண்டு. புள்ளிக் கோலம் கண்ணையும் கையையும் கோக்கும். பாண்டி ஆடினால் ஒற்றைக் காலில் நிற்க வரும். தெரபிஸ்ட்டிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் உங்கள் வீட்டில்தான். அந்த நேரத்தில் அவனுக்கு நோயாளி வேஷம் வேண்டாம், வீட்டில் ஒரு வேலை வேண்டும். அவன் செய்யாவிட்டால் வீட்டில் யாராவது கேட்க வேண்டும்: "இன்னைக்குத் தண்ணி யார் பிடிக்கலை?"

கே: ஸ்டெம்செல் போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
— கடலூர்

ப: நகை கழுத்திலேயே இருக்கட்டும். ஆட்டிசத்துக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் அது ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரிடம் பணம் கேட்கக் கூடாது. "முழுக் குணம், இத்தனை ஊசி" என்று யார் சொன்னாலும் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.

கே: மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடாதா?
— செங்கல்பட்டு

ப: முத்திரை எப்போதோ விழுந்துவிட்டது: மக்கு, சோம்பேறி, திமிர். சான்றிதழ் அதை அழிக்கிற ரப்பர்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவையும் கேட்கலாம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. மூன்று மணி நேரப் பரீட்சைக்கு முழுசாக ஒரு மணி நேரம்! கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். உதவி செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ரவைக்குச் சான்றிதழ் தேவையில்லை. பள்ளிக்கே போக முடியாத பிள்ளை என்றால் உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள், சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டு.

கே: எனக்கு 14 வயசு. தம்பிக்கு ஆட்டிசம். ஸ்கூல் விழாவுக்கு அவனைக் கூட்டிட்டு வர்றாங்கன்னா எனக்கு வெக்கமா இருக்கு. வெக்கப்படறோமேன்னு அதுக்கும் வெக்கமா இருக்கு. நான் கெட்ட அக்காவா?
— பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ப: கெட்ட அக்கா இவ்வளவு யோசிக்க மாட்டாள் கண்ணு. பதினாலு வயசில் அப்பா போடுகிற சட்டையைப் பார்த்தே வெட்கம் வரும், தம்பிக்கு ஏன் வராது? வெட்கம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் இதைக் காட்டு. அம்மாவுக்கு நான் எழுதுவது: வாரத்தில் அரை மணி நேரம் இவளோடு மட்டும் உட்காருங்கள். அந்த அரை மணியில் தம்பி பேச்சு வரக் கூடாது. "எங்களுக்குப் பிறகு நீதான் பார்த்துக்கணும்" என்ற வாக்கியத்தைப் பத்தாம் வகுப்புக்கு முன்னால் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். பிறகும் யோசித்துச் சொல்லுங்கள்.

கே: எனக்கு 61. மகனுக்கு 27, அறிவுசார் குறைபாடு. மற்றதெல்லாம் விடுங்கள் டீச்சர். எங்களுக்குப் பிறகு யார்? (பேர் போட வேண்டாம்.)
— ஓர் அப்பா, திருநெல்வேலி

ப: முதலில் காகித வேலை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்குமாக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயது தாண்டியவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு. நீங்கள் நடமாடும்போதே விண்ணப்பியுங்கள். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கைகொடுக்கும். உங்கள் பக்கத்திலேயே தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள்.

காகிதம் பாதிதான் சார். மீதி தெருவில் இருக்கிறது. உங்கள் மகன் தனியாக டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிக் காசு கொடுப்பானா? இல்லையென்றால் இந்த மாதப் பாடம் அதுதான். முதல் வாரம் கூடப் போங்கள், ரெண்டாவது வாரம் பத்தடி பின்னால், மூன்றாவது வாரம் தெருமுனையில் நில்லுங்கள். டீக்கடைக்காரர், பால்காரர், மளிகைக்கடை, கோயில் குருக்கள், பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் அவனைத் தெரிய வேண்டும். அவன் ரெண்டு நாள் வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று கேட்க நாலு பேர் வேண்டும். உங்களுக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்ளப் போவது ஊர். அந்த ஊருக்கு அவன் பேரே தெரியாது என்றால் எப்படி? இங்கே போட வேண்டாம், சரி. தெருவில் போடுங்கள்.

கே: நான் அஞ்சாவது படிக்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதறாங்க. போன மாசம் நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அம்மா தினமும் பூண்டு குடுக்கறாங்க. கையெல்லாம் நாத்தம். ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்திருக்கறவன் தள்ளி உக்கார்றான். வேற வேலை இல்லையா? அப்புறம், என் பேரைக் கண்டிப்பா போடுங்க.
— ............................, கரூர்

ப: மன்னிச்சுக்கோ தம்பி. பூண்டு ராத்திரிக்கு மட்டும்னு அம்மாவுக்குச் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். இனிமே பச்சைப் பட்டாணி உரி. அதுல நாத்தமே கிடையாது. பத்துக்கு ஒண்ணு வாயில போட்டுக்கலாம், அது கூலி. அம்மா கேட்டா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு.

இந்த மாசம் வந்த இத்தனை கடிதத்தில் பேரைப் போடச் சொன்னது நீ ஒருத்தன்தான். சின்னப் பிள்ளைங்க பேரை நாங்க அச்சடிக்க மாட்டோம். அதனால உன் கேள்விக்குக் கீழே புள்ளிக்கோடு விட்டிருக்கேன், பார்த்தியா? அது உன் இடம். பேனா எடுத்து நீயே எழுதிக்கோ. எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் பரவாயில்லை. இடம் பத்தலைன்னா மட்டும் சொல்லு, அடுத்த மாசம் இன்னும் நீளமா விடறேன்.